பாசஞ்சர் வண்டிக்கு எப்போது ஓய்வு?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில் முதல் நிலையம் கூடல் நகர். விளாங்குடிக்காரர்களுக்கு எட்டு வைத்தால் எட்டிவிடும் நிலையம் அது. 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கும்வரை விளாங்குடி தனிப் பேரூராட்சி. இன்று நகரத்தின் வடமேற்கு விளிம்பு. கூட்ஸ் ஷெட் இருப்பதால் கூடல் நகரில் சரக்கு வண்டிக்கு உள்ள மரியாதை பயணி வண்டிக்கு இல்லை. சென்னைப் பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்கள் சிவப்பும் சாம்பலுமான புதுப் பெட்டிகளோடு பறந்து போகும். சோழவந்தானுக்கும் கொடைக்கானல் ரோட்டுக்கும் போகிறவருக்குக் கைகொடுப்பது பாசஞ்சர்தான். எக்ஸ்பிரஸில் புதுப் பெட்டி வந்தால் அங்கே கழற்றிய பழைய நீலப் பெட்டி பாசஞ்சருக்கு வரும் என்பது ரயில்வேயில் எழுதாத வழக்கம். அந்த நீலப் பெட்டிகளுக்கும் இப்போது காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அவற்றை உடைக்கலாமா கூடாதா என்று சண்டை போட இடமில்லை; உடைக்கத்தான் வேண்டும். உள்ளூர் வண்டி ஒன்றுக்கு ஓய்வு கொடுத்தது முறையா முறைகேடா என்பதை அதன் வயதை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதுதான் என் வாதம். அதுவரை அதில் போய்க்கொண்டிருந்தவர் மறுநாள் காலை எதில் போனார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நம் ஊர்ப் பக்கம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, விலையும் நிறையவே கொடுத்திருக்கிறோம்.

முதலில் பெட்டியைப் பார்ப்போம். நீலப் பெட்டிகள் சென்னை பெரம்பூர் ஐசிஎஃப்பின் பிள்ளைகள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த அந்தத் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்து வடிவமைப்பை வாங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதே எலும்புக்கூட்டில் பெட்டி செய்தது. பழைய பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஐந்து இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அது பிறந்த வருஷம். 94 என்று தொடங்கினால் 1994, 07 என்றால் 2007. பெட்டியின் முனைப் பக்கம் பார்த்தால் சின்ன எழுத்தில் ஒரு பணிமனையின் பெயர்ச் சுருக்கமும், ரிட்டர்ன் டேட் என்று ஒரு தேதியும் இருக்கும். கடைசியாகப் பெரம்பூரிலோ பொன்மலையிலோ பிரித்து மேய்ந்து பழுது பார்த்தது எப்போது, அடுத்து எப்போது பணிமனைக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அது. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இந்த மருத்துவம் நடக்கும். இப்படிப் பேணினாலும் ஐசிஎஃப் பெட்டிக்கு ரயில்வே வகுத்த ஆயுள் 25 ஆண்டு. பின்னால் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. வடிவப் பெட்டிக்கு 35. கடைசி ஐசிஎஃப் வடிவப் பெட்டி 2018 ஜனவரியில் ஆலையை விட்டு வெளியே வந்தது. ஆக, ஏட்டுக் கணக்குப்படி 2043 வரை கூட இந்த இனத்தில் ஒன்றிரண்டு தண்டவாளத்தில் இருக்கலாம். அத்தனை நாள் வைத்திருக்கும் எண்ணம் ரயில்வேக்கு இல்லை.

இருபத்தைந்து வயதில் பெட்டிக்கு என்னதான் ஆகிறது? வெளியே பெயிண்ட் அடித்து நிறுத்தினால் பார்ப்பவருக்குப் புதுசு போலத்தான் இருக்கும். நோய் அடியில். கழிவறைக்குக் கீழே, கதவு ஓரத்தில், தண்ணீர் தேங்கும் மூலைகளில் தரைத் தகடும் அதைத் தாங்கும் நீளச் சட்டமும் இத்துப் போகும். பணிமனையில் இத்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வார்கள். அடுத்த முறை வரும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் இத்திருக்கும். ஒரு கட்டத்தில் ஒட்டுப்போடும் செலவும் ஆள்கூலியும் பெட்டி தரும் பயனைத் தாண்டிவிடும். அப்போது அதைக் கண்டம் செய்கிறார்கள், அதாவது சேவையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். இதற்கு மேல் ஒரு வடிவக் குறையும் உண்டு. ஐசிஎஃப் பெட்டிகளைப் பெரும்பாலும் திருகுக் கொக்கியால் பிணைத்திருப்பார்கள். விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறிவிடும். எல்.எச்.பி.யின் நடுக் கொக்கி அவ்வளவு எளிதாக விடாது, ஏறவும் விடாது. அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012இல் ஐசிஎஃப் வடிவத்தைக் கைவிட்டு எல்.எச்.பி.க்கு மாறச் சொன்னதற்கு இதுவே முதன்மையான காரணம். ஆனால் எல்லா விபத்தையும் வயதின் தலையில் கட்டக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியலில் மதுரை யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் மாண்டது, விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரால். பெட்டி புதிதாக இருந்திருந்தாலும் சிலிண்டர் சிலிண்டர்தான்.

கண்டம் ஆன பெட்டி ஒரேயடியாகக் காயலான் கடைக்குப் போவதில்லை. முதலில் பணிமனையில் அதைக் கழற்றுவார்கள். மின்விசிறி, விளக்கு, இருக்கை, பிரேக் உறுப்புகள், பேட்டரி எல்லாம் வெளியே வரும். ஈய அமில பேட்டரியை அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குத்தான் விற்கலாம் என்று சட்டம் இருக்கிறது. அடியில் உள்ள போகியும் சக்கரமும் தனிக் கணக்கு. புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். ஓடி ஓடித் தேய்ந்து, லேத்தில் கடைந்து கடைந்து, 825க்கு வந்ததும் அதன் வேலை முடிந்தது. அந்தச் சக்கரங்கள் பெங்களூரு எலஹங்காவிலுள்ள ரயில் சக்கரத் தொழிற்சாலைக்குப் போகின்றன. அங்கே மின் உலையில் பழைய சக்கரத்தையும் அச்சையும் உருக்கித்தான் புதுச் சக்கரம் வார்க்கிறார்கள். எந்த எஃகு, என்ன கலவை என்று தெரிந்த இரும்பு என்பதால் வெளியில் வாங்கும் கழிவிரும்பை விட அதற்கு மதிப்பு அதிகம். மிஞ்சும் கூடு மின்னணு ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் ஆளும் கேஸ் கட்டரும் கொண்டுவந்து, ரயில்வே காட்டும் இடத்திலேயே துண்டு போட்டு, எடை மேடையில் நிறுத்து லாரியில் ஏற்றுவார். முழு உடம்போடு சுமார் 37 டன் இருந்த ஒரு சாதாரணப் பெட்டி கடைசியில் உருக்காலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகவோ வேறு எதுவாகவோ மாறும். நம்மூரில் பொதுச் சொத்து எதுவும் இத்தனை ஒழுங்காகச் சாவதில்லை என்றே சொல்லலாம்.

அப்படியானால் உடைப்பதே வருமானத்துக்காகத்தானோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. 2020-21இல் ரயில்வே கழிவு விற்பனையில் ஈட்டியது 4,575 கோடி ரூபாய். அதற்கு முந்தைய உச்சம் 2010-11இல் கிடைத்த 4,409 கோடி. தொகை பெரிதாகத் தெரிந்தாலும், அதில் பழைய தண்டவாளம், எஞ்சின், சரக்கு வேகன், பணிமனைக் கழிவு எல்லாம் அடக்கம். ஆண்டுக்கு லட்சம் கோடிக்கு மேல் புரளும் நிறுவனம், அந்தப் பணத்துக்காக ஓடுகிற வண்டியை நிறுத்தாது. சிக்கனக்காரர்களின் ஆட்சேபம் இதைவிட வலுவானது: நன்றாக ஓடுவதை ஏன் 25 என்ற எண்ணுக்காகக் கொல்ல வேண்டும்? இங்கிலாந்தின் வைட் தீவில், லண்டன் சுரங்க ரயிலுக்காக 1938இல் செய்த வண்டிகள் 2021 ஜனவரி 3 வரை பயணிகளைச் சுமந்தன. லண்டன் பேக்கர்லூ தடத்தில் 1972ஆம் ஆண்டு வடிவ வண்டிகள் ஐம்பது வயது கடந்தும் ஓடுகின்றன. எனவே 25 என்பது இயற்கை விதி ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டிகளுக்கு நம் ஊர் நெரிசல் இல்லை, கதவில் தொங்கிக்கொண்டு போகும் கூட்டம் இல்லை. உதிரி பாகத்துக்காக அவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. கடைசிக் காலத்தில் வைட் தீவில் ஒரு வண்டியைப் பிரித்துத்தான் இன்னொன்றை ஓட்டவேண்டியிருந்தது. பழையதை வைத்துக்கொள்வதும் செலவுதான். அந்தச் செலவு பட்ஜெட்டில் தெரியாது, அவ்வளவே.

ஆக, ஓய்வு கொடுப்பது சரி. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் வழக்கு. ஒரே தென்னக ரயில்வேக்குள் இரண்டு ஓய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். சென்னையில் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரத்தில் ஓடிய நாட்டின் முதல் புறநகர் வண்டி அதுதான். 1992இல் ரயில்வே ஒரே அகலப் பாதைத் திட்டத்தைக் கையில் எடுத்த பிறகு அந்தத் தடமும் மாறவேண்டியதாயிற்று. லட்சக்கணக்கானவர் நாள்தோறும் போகும் பாதையை மூடிவிட்டு வேலை பார்க்க முடியாது. அதனால் தடம் தடமாக மாற்றினார்கள். ஒரு பக்கம் புது அகல ரயில் மின்தொடர் ஓட, மறுபக்கம் பழைய மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. வண்டிகள் குறைந்தன, நெரிசல் கூடியது, தாம்பரத்துக்காரர் திட்டித் தீர்த்தார்கள்; ஆனாலும் பாதை வருஷக் கணக்கில் அநாதையாகக் கிடக்கவில்லை. 2004 ஜூலையில் கடைசி மீட்டர் கேஜ் மின்வண்டி நின்றபோது, அதன் பயணிகள் பக்கத்துத் தடத்து வண்டிக்கு ஏற்கெனவே பழகியிருந்தார்கள். இந்தியாவில் வேறு எங்கும் பயன்படாத வண்டிகள் என்பதால் அவற்றை உடைப்பதைத் தவிர வழியும் இருக்கவில்லை. மும்பையிலும் இப்படித்தான். 1925இல் டிசி மின்சாரத்தில் தொடங்கிய லோக்கல்களை ஏசி மின்சாரத்துக்கு மாற்றும் வேலை பல ஆண்டு இழுத்தது. கடைசி டிசி வண்டி 2016 ஏப்ரலில் விடைபெற்றது. அதற்காக மும்பைக்காரர் ஒருவரும் ஆண்டுக்கணக்கில் பேருந்துக்கு மாறவில்லை.

இனி மதுரைக்கு வருவோம். மதுரை – போடிநாயக்கனூர் பாதை சுமார் 90 கிலோமீட்டர். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று வானம் பார்த்த பூமியையும் மலையடிவாரத்தையும் நகரத்தோடு கோக்கும் பாதை. 1928இல் திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்புக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். போருக்குப் பிறகு 1950களில் திரும்பப் போட்டார்கள். ஏலக்காயும் பருத்தியும் ஏறிய வண்டி, கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்களின் வண்டி. 2010 டிசம்பர் 31 அன்று மீட்டர் கேஜ் சேவையை நிறுத்தினார்கள். காரணம் நியாயமானது: அகலப் பாதை வரப்போகிறது. பெட்டிகளும் எஞ்சினும் போய்விட்டன, தண்டவாளத்தைப் பெயர்த்தாயிற்று. அதன் பிறகு அகல ரயில் தேனிக்கு வந்தது 2022 மே 26 அன்று. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15 அன்று. பன்னிரண்டரை ஆண்டு! வண்டி நின்ற நாளில் பிறந்த குழந்தை, வண்டி திரும்பி வந்தபோது ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாதையோரத்து ஊர்கள் ரயிலையே மறந்து பேருந்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் மாறிவிட்டன. அவர்கள் மாறவில்லை, மாற்றப்பட்டார்கள் என்பதே உண்மை.

இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். சென்னையில் பல தடம் உண்டு, போடிக்கு ஒற்றைத் தடம். ஒரே தடத்தில் பழையதையும் புதியதையும் ஒன்றாக ஓட்ட முடியாது, மூடாமல் மாற்ற வழியே இல்லை. இது சரியான பதில்தான். மூடியதைக் குற்றம் சொல்லவில்லை. எவ்வளவு நாள் மூடினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. மானாமதுரை – இராமேஸ்வரம் பாதையும் ஒற்றைத் தடம்தான். அங்கே கடல்மேல் 1914இல் கட்டிய பாம்பன் பாலத்தையும் அகல ரயிலுக்கு ஏற்ப வலுவாக்க வேண்டியிருந்தது. ஆனாலும் 2007 ஆகஸ்டில் அகல ரயில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்துவிட்டது. போடியின் காத்திருப்போடு அதை ஒப்பிடவே முடியாது. கடலையே தாண்டத் தெரிந்த பொறியாளர்களுக்கு ஆண்டிபட்டிக் கணவாய் மட்டும் ஆகாமல் போய்விடுமா? போடிப் பாதைக்கு நிதி வருஷா வருஷம் சொட்டுச் சொட்டாக வந்தது, அதுதான் தாமதம். செங்கோட்டை – புனலூர் மலைப்பாதைக்கும் இதே கதி. 2010 செப்டம்பரில் மூடிய பாதையில் வண்டி முழுமையாக ஓடியது 2018இல். மேலே சொன்ன வைட் தீவிலும் பழைய வண்டிக்கு ஓய்வு கொடுத்துப் பாதையை மூடினார்கள். அங்கே 2021 ஜனவரியில் மூடி நவம்பர் 1 அன்று திறந்தார்கள். அந்தப் பத்து மாதத்துக்கும் மாற்றுப் பேருந்து விட்டார்கள். தாமதமாகிவிட்டது என்று அதற்கே அங்கே முணுமுணுப்பு. வந்த வண்டியும் புதிதில்லை. லண்டனில் 1980 வாக்கில் ஓடத் தொடங்கிய வண்டியை வாங்கிப் புதுப்பித்து ஓட்டினார்கள். மாற்று வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நேரத்துக்கு வந்தால் போதும்.

வண்டி திரும்பி வந்தால் மட்டும் கணக்கு நேராகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2022இல் தேனி வண்டி தொடங்கியபோது அது மதுரையில் காலை 8.30க்குப் புறப்பட்டது, தேனியிலிருந்து மாலை 6.15க்குத் திரும்பியது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவருக்குக் காலையில் மதுரை நோக்கி வண்டி வேண்டும், மாலையில் ஊர் திரும்ப வேண்டும். இந்த வண்டி அப்படியே தலைகீழ். மதுரையில் இரவு நிறுத்தி வைத்துப் பேணுவது ரயில்வேக்கு வசதி; பயணியின் வசதியை யார் கேட்டார்கள்? பழைய வண்டியை எடுக்கும்போது அதன் நேரத்தையும் நிறுத்தங்களையும் கட்டணத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள் என்பதற்கு இன்னும் பெரிய சான்று 2020இல் கிடைத்தது. கொரோனாவுக்காக நாடெங்கும் நிறுத்திய பாசஞ்சர் வண்டிகள் திரும்பியபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்தன. அதே பெட்டி, ஏறக்குறைய அதே வேகம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. சின்ன ஊர்களில் நிறுத்தங்கள் பல காணாமல் போயின. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. பெட்டி ஒன்றைக்கூட உடைக்காமல் ஒரு வண்டியையே ஒழிக்க முடியும் என்று அந்த நான்கு ஆண்டுகள் காட்டின. கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் பூ வியாபாரம் செய்கிறவருக்கும் ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூடுதல் என்பது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

உடைக்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி வரும். ரயில்வே அதையும் செய்துகொண்டுதான் இருக்கிறது. பயணிகளுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பெட்டிகளின் ஜன்னலை அடைத்து, முனையில் கதவு வைத்து, கார், டிராக்டர் ஏற்றும் வேகனாக மாற்றுகிறார்கள். வாடிப்பட்டியிலிருந்து டிராக்டர்கள் ஏறிப்போனதும் இப்படிப்பட்ட பெட்டிகளில்தான். 2020இல் நாடு முழுவதும் 5,231 பெட்டிகளைக் கொரோனாத் தனிமை வார்டுகளாக்கினார்கள். பெரும்பாலானவற்றில் நோயாளி ஒருவர்கூடப் படுக்கவில்லை. சில நிலையங்களில் பழைய பெட்டி உணவகமாகியிருக்கிறது. தோசை சாப்பிட நல்ல இடம்தான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையிலேயே பெரிய அளவில் இரண்டாம் வாழ்வு கொடுத்தவர்கள் ஜப்பானியரும் இந்தோனேசியரும். டோக்கியோவில் ஓய்வு பெற்ற மின்தொடர் வண்டிகளை 2000 முதல் ஜகார்த்தா வாங்கி ஓட்டியது. அந்நகரின் புறநகர்ச் சேவை வளர்ந்ததே அவற்றால்தான். அங்கும் ஒரு நாள் அவை கிழடாயின. 2023இல் மேலும் பழைய வண்டி இறக்குமதி செய்ய அரசு மறுத்து, உள்நாட்டிலும் சீனாவிலும் புது வண்டி வாங்கும் முடிவுக்கு வந்தது. பழையதை ஓட்டிக்கொண்டே புதியதற்கு ஏற்பாடு செய்ய முடிந்தது என்பதுதான் அந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது. நம்மிடமும் மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின்களை மலேசியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அனுப்பிய அனுபவம் உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸில் கழித்ததைப் பாசஞ்சருக்குத் தள்ளுவதை இரண்டாம் வாழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து ரூபாய் டிக்கெட்காரரின் உயிரும் விபத்தில் ஒரே விலைதான். ஐசிஎஃப் கொக்கி எக்ஸ்பிரஸுக்கு ஆபத்து என்றால் பாசஞ்சருக்கும் ஆபத்துதான்.

உடைப்பதிலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரம் 2001 முதல் 2003 வரை தன் சிவப்புச் சுரங்க ரயில் பெட்டிகளில் 1,200க்கு மேற்பட்டவற்றை அட்லாண்டிக் கடலில் மூழ்கடித்து மீன்களுக்கு வீடு கட்டியது. அவற்றில் கல்நார் இருந்தது. தரையில் உடைத்துப் பிரித்தால் செலவு அதிகம், கடலுக்குள் தூசி பறக்காது என்பது அவர்கள் கணக்கு. பின்னால் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளைப் போட்டபோது அவை சில மாதங்களிலேயே சரிந்து போயின. 2021இல் இலங்கை அரசு பழைய பேருந்துகளை வடகடலில் மூழ்கடித்தபோது, வலை கிழியும், தொழில் கெடும் என்று இராமேஸ்வரம் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நம் பழைய பெட்டிகளிலும் வெப்பத்தைத் தடுக்கக் கல்நார் பயன்பட்டிருக்கிறது. கேஸ் கட்டரோடு கூட்டுக்குள் ஏறுகிற கூலித் தொழிலாளிக்கு இது தெரியுமா, முகத்தில் கட்டிய துண்டு போதுமா? ஏல விதியில் பாதுகாப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆகாது. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பெயின்டால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாரம்பரியத்தை நேசிக்கிறவர்களின் மனத்தாங்கலையும் ஒதுக்கிவிட முடியாது. நீராவி எஞ்சினுக்குக் கண்ணீர் விட ஆள் இருக்கிறது. பாசஞ்சர் பெட்டிக்கு யார் அழுவார்கள்? ஆனால் தமிழ்நாட்டுச் சாதாரண மனிதர்களின் வரலாறு அந்த மரப்பலகை இருக்கையில்தான் உட்கார்ந்து போயிருக்கிறது. சென்னையிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டியை, வரைபடத்தோடும் பராமரிப்பு ஏட்டோடும் எடுத்துவைத்தால் போதும். நூறு பெட்டியை வெயிலில் நிறுத்தி இத்துப்போக விடுவது நினைவைப் போற்றுவதாகாது. மனமிருந்தால் ரயில்வேயால் முடியாதது இல்லை. நீலகிரி மலை ரயிலுக்காகப் பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புதிதாக நீராவி எஞ்சின் செய்து கொடுத்திருக்கிறது. அந்த மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்பதால் அதற்கு அத்தனை கவனிப்பு. உசிலம்பட்டிப் பாசஞ்சருக்கு அப்படிப் பட்டியல் ஒன்றும் இல்லை.

நீலப் பெட்டிகளின் இடத்துக்கு வரக்கூடியது மெமு. தனி எஞ்சின் இல்லாமல் பெட்டியிலேயே மோட்டார் வைத்த மின்வண்டி. இருமுனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. சடாரென்று வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும், முனைய நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டும் வேலை இல்லை. ஐந்து, பத்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தமுள்ள மதுரை – திண்டுக்கல் போன்ற பாதைக்கு அளந்து தைத்தது. அது வந்தால் கூடல் நகர், சமயநல்லூர் நிறுத்தங்களால் நேரம் வீணாகிறது என்ற பழைய சாக்குக்கும் இடமில்லை. ஆகவே வண்டி மாறும்போது ரயில்வேயிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான், எழுத்தில் கேட்க வேண்டியவை. பழைய வண்டியைக் கடைசியாக ஓட்டும் தேதியும் புதிய வண்டி ஓடத் தொடங்கும் தேதியும் ஒரே அறிவிப்பில் வர வேண்டும். பழைய நேரமும் நிறுத்தமும் கட்டணமும் மாறினால் ஏன் என்று அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். பாதையை மூடித்தான் ஆகவேண்டும் என்றால் எத்தனை மாதம், அதுவரை எந்தப் பேருந்து, யார் செலவு என்பதை முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். முழு நிதியும் கையில் வராமல் மூடவே கூடாது. மதுரைக் கோட்டத்துக்கென்று ரயில் பயனீட்டாளர் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது; அதன் கூட்டங்களில் சென்னைக்குக் கூடுதல் எக்ஸ்பிரஸ் கேட்பது போலவே இதையும் கேட்கலாம். விளாங்குடியிலும் சமயநல்லூரிலும் சோழவந்தானிலும் உள்ள குடியிருப்போர் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் அடுத்த கால அட்டவணை அச்சேறுவதற்கு முன்பே கோட்ட மேலாளருக்கு மனு எழுத வேண்டும். அட்டவணை வெளியான பிறகு போடும் மனுவுக்கு, அடுத்த அட்டவணையில் பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான பதில்.